லினக்ஸில் செயலிகள் ஏன் 'பழசாகவே' இருக்கின்றன? கணினியைக் கெடுத்துக்கொள்ளாமல் புது வெர்ஷனைப் பெறுவது எப்படி?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு இருந்த வழிகளில் ஒன்று, லினக்ஸுக்கு மாறுவது.

அப்படி மாறுபவர்கள் பெரும்பாலும் டெபியன், உபுண்டு எல்டிஎஸ், லினக்ஸ் மின்ட் போன்ற 'ஸ்டேபிள்' வகை லினக்ஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறுவிய சில நாட்களிலேயே ஒரு சந்தேகம் வருகிறது. "புது வெர்ஷன் வந்துவிட்டது என்கிறார்கள். நான் எத்தனை முறை அப்டேட் கொடுத்தாலும் பழசுதான் இருக்கிறதே, ஏன்?"

அந்த அவசரத்தில் இணையத்தில் கிடைத்த நாலு கட்டளைகளை டெர்மினலில் ஒட்டிவிட்டு, அடுத்த முறை கணினியை ஆன் செய்யும்போது கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

பழைய வெர்ஷன் என்றால் பாதுகாப்பு இல்லை என்று அர்த்தமா? புதுசுதான் வேண்டும் என்றால் எந்த வழியில் போகலாம்? எந்த வழியில் போகவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

'ஸ்டேபிள்' என்றால் என்ன?

'ஸ்டேபிள்' என்றால் நிலையானது. கணினி நின்று போகாது என்பது மட்டும் இதன் பொருள் அல்ல. உள்ளே இருக்கும் மென்பொருள்கள் அடிக்கடி மாறாது என்பதே முக்கியமான பொருள்.

டெபியனை எடுத்துக்கொள்வோம். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம் இது. உபுண்டு, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. லினக்ஸ் மின்ட்டின் முதன்மைப் பதிப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. இந்தியாவில் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கும் அடித்தளம் டெபியன்தான்.

டெபியனில் மூன்று நிலைகள் இருக்கின்றன. புதிய மென்பொருள் முதலில் 'அன்ஸ்டேபிள்' பகுதிக்கு வரும். சில நாட்கள் பெரிய கோளாறு எதுவும் தெரியவில்லை என்றால் 'டெஸ்டிங்' பகுதிக்குப் போகும். சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, டெஸ்டிங்கில் இருப்பதை அப்படியே உறைய வைத்து, பிழைகளைத் திருத்தி, 'ஸ்டேபிள்' என்று வெளியிடுவார்கள்.

டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' படக் கதாபாத்திரங்களின் பெயரைத்தான் வைக்கிறார்கள். அன்ஸ்டேபிள் பகுதியின் பெயர் 'சிட்'. அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அது. அங்கே போனால் என்ன நடக்கும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

புது வெர்ஷன் ஏன் வருவதில்லை?

படங்களைத் திருத்த உதவும் 'கிம்ப்' மென்பொருளின் 3.0 பதிப்பு 2025 மார்ச் மாதம் வெளியானது. பல ஆண்டுகள் காத்திருந்து வந்த பெரிய மாற்றம் அது. ஆனால் அப்போது டெபியன் 12 வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது 2.10 பதிப்புதான். டெபியன் 12 வெளியானது 2023 ஜூன் 10-ல். அன்றைக்கு உள்ளே இருந்த கிம்ப்தான் கடைசி வரை.

2025 ஆகஸ்ட் 9-ல் டெபியன் 13 வந்தது. அதில் கிம்ப் 3.0 இருந்தது. இடைப்பட்ட 5 மாதங்கள், "எல்லோருக்கும் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை" என்ற நிலை.

மொபைலில் இப்படி இல்லையே என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஒவ்வொரு செயலியும் தனக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதியைத் தன்னுடனேயே கொண்டு வருகிறது. அதனால் ஒரு செயலியை அப்டேட் செய்தால் இன்னொன்று பாதிக்கப்படுவதில்லை.

லினக்ஸில் முறை வேறு. பல செயலிகள் ஒரே 'லைப்ரரி'யைப் பகிர்ந்துகொள்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தண்ணீர்க் குழாய் மாதிரி இது. மூன்றாவது மாடிக்காரர் தன் வீட்டுக்குப் புது பம்ப் வாங்கிவிட்டு, அதற்காகப் பொதுக் குழாயையே மாற்றினால், மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் வராமல் போகலாம்.

டெபியன் 13-ல் சுமார் 70 ஆயிரம் பேக்கேஜ்கள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத்தான் அந்த உறைய வைக்கும் காலம். டெபியன் 13-க்கு முதல் கட்ட உறைதல் 2025 மார்ச் நடுவில் தொடங்கியது. வெளியாக ஆகஸ்ட் ஆனது.

பழசு என்றால் பாதுகாப்பு இல்லையா?

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். வெர்ஷன் எண் பழசாக இருந்தால், பாதுகாப்பு ஓட்டையும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஸ்டேபிள் லினக்ஸில் அது அப்படி இல்லை.

2014 ஏப்ரலில் உலகையே உலுக்கிய 'ஹார்ட்பிளீட்' நல்ல உதாரணம். இணையத்தில் கடவுச்சொற்களைப் பாதுகாக்கும் 'ஓபன்எஸ்எஸ்எல்' மென்பொருளில் இருந்த ஓட்டை அது. அதை உருவாக்கியவர்கள், ஓட்டையை அடைத்து 1.0.1-ஜி என்ற புது வெர்ஷனை வெளியிட்டார்கள்.

அப்போதைய ஸ்டேபிள் ஆன டெபியன் 7-ல் இருந்தது 1.0.1-இ. டெபியன் குழு புது வெர்ஷனுக்குத் தாவவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்து, பழைய 1.0.1-இ வெர்ஷனிலேயே பொருத்தியது. வெர்ஷன் எண் மாறவில்லை. பின்னால் ஒட்டியிருக்கும் டெபியனின் சொந்த எண் மட்டும் மாறியது.

அதாவது, எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது "ஓட்டை உள்ள பழைய வெர்ஷன்". உண்மையில் ஓட்டை அடைபட்டிருந்தது.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. அதற்கும் முந்தைய டெபியன் 6-ல் இருந்தது 0.9.8 வெர்ஷன். ஹார்ட்பிளீட் ஓட்டை 1.0.1-ல்தான் புதிதாக வந்தது என்பதால், டெபியன் 6-க்குப் பாதிப்பே இல்லை.

அதனால் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை செய்தியில் வந்தால், வெர்ஷன் எண்ணை வைத்து முடிவு செய்யக்கூடாது. டெபியனின் 'செக்யூரிட்டி டிராக்கர்' பக்கத்தில் அந்த ஓட்டையின் சிவிஇ எண்ணைத் தேடினால், எந்தப் பதிப்பில் சரிசெய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். உபுண்டுவும் இதேபோன்ற பக்கத்தை வைத்திருக்கிறது.

புதுசே ஆபத்தான கதை

2024 மார்ச் 29. மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரஸ் ஃப்ரூண்ட் என்ற பொறியாளர் ஒரு எச்சரிக்கையை வெளியிட்டார். கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளில் யாரோ வேண்டுமென்றே ரகசியக் கதவு ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அது.

அவர் அதைக் கண்டுபிடித்த விதம்தான் பலரையும் வியக்க வைத்தது. டெபியன் அன்ஸ்டேபிள் கணினியில், வெளியிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட சுமார் அரை விநாடி கூடுதலாக ஆனது. ஏன் என்று தோண்டிப் பார்த்தபோது சிக்கியதுதான் இந்தச் சதி.

'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கிய ஒருவர், 2 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் திட்டத்துக்கு உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்புக்கு வந்து, பிறகு இதைச் செருகியிருந்தார். அபாய அளவுகோலில் இதற்குக் கிடைத்தது 10-க்கு 10.

பாதிக்கப்பட்டவை 5.6.0, 5.6.1 ஆகிய புத்தம் புது வெர்ஷன்கள். டெபியனின் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் பகுதிகளுக்கு அவை வந்திருந்தன. ஸ்டேபிள் ஆன டெபியன் 12-ல் இருந்தது 5.4.1. அதில் இந்தக் கதவு இல்லை.

"எப்போதும் லேட்டஸ்ட்தான் பாதுகாப்பு" என்பது எல்லா நேரமும் சரியல்ல என்பதை இது காட்டியது.

அப்போ பழசே போதுமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. புது வெர்ஷன் உண்மையிலேயே தேவைப்படும் சூழல்கள் இருக்கின்றன.

- புதிதாக வாங்கிய லேப்டாப்பில் வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யவில்லை. அதற்கான டிரைவர் புது கெர்னலில்தான் இருக்கிறது.
- அலுவலகத்தில் மற்றவர்கள் அனுப்பும் கோப்பு, பழைய வெர்ஷனில் சரியாகத் திறப்பதில்லை.
- வேலைக்குத் தேவையான ஒரு வசதி புது வெர்ஷனில்தான் வந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது. பழைய வெர்ஷனில் திருத்தங்களைப் பொருத்தித் தருவது ஆதரவுக் காலம் இருக்கும் வரைதான். டெபியன் ஒவ்வொரு பதிப்புக்கும் 3 ஆண்டு முழு ஆதரவும், பிறகு எல்டிஎஸ் குழு மூலம் 2 ஆண்டும் தருகிறது. உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கு 5 ஆண்டுகள். அதைத் தாண்டிய கணினியில் பழசு என்பது உண்மையிலேயே ஆபத்துதான்.

உபுண்டுவில் கூடுதலாக ஒரு நுணுக்கம் உண்டு. 5 ஆண்டு ஆதரவு 'மெயின்' என்ற பகுதிக்குத்தான் முழுமையாகக் கிடைக்கிறது. 'யுனிவர்ஸ்' பகுதியில் இருக்கும் ஏராளமான பேக்கேஜ்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வேண்டும் என்றால் 'உபுண்டு ப்ரோ' தேவை. தனிநபர்கள் 5 கணினிகள் வரை அதை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

பிரவுசர் கதை தனி. அதைப் பழசாக விட்டுவைக்க முடியாது என்பதால், டெபியன் ஸ்டேபிளிலேயே குரோமியம் புது வெர்ஷனாக வந்துகொண்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸின் 'ஈஎஸ்ஆர்' என்ற நீண்ட கால ஆதரவு வெர்ஷனும் அவ்வப்போது மேம்படுத்தப்படும்.

சரி, புதுசு வேண்டும் என்று முடிவாகிவிட்டது. என்ன வழி?

வழி 1: பேக்போர்ட்ஸ்

டெபியன் தானே தரும் வழி இது. டெஸ்டிங்கில் இருக்கும் புதிய பேக்கேஜை எடுத்து, ஸ்டேபிளின் லைப்ரரிகளோடு ஒத்துப்போகும்படி மறுபடியும் கட்டித் தருவார்கள். அதாவது பொதுக் குழாயில் கை வைக்காமல், அதற்கு ஏற்ற அளவில் புது பம்ப்.

பேக்போர்ட்ஸைச் சேர்த்துவிட்டால் எல்லா மென்பொருளும் புதுசாகிவிடுமா? ஆகாது. டெபியனின் நிறுவும் கருவியான 'ஆப்ட்', ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் வைத்திருக்கிறது. வழக்கமான ஸ்டேபிளுக்கு 500. பேக்போர்ட்ஸுக்கு 100 மட்டுமே. அதனால் எந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் அங்கிருந்து வரும். ஒருமுறை எடுத்துவிட்டால், அந்தப் பேக்கேஜுக்கு மட்டும் பிறகு வரும் அப்டேட்களும் அங்கிருந்து கிடைக்கும்.

புது லேப்டாப்பின் வைஃபை பிரச்னைக்குப் பெரும்பாலும் இதுவே தீர்வு. டெபியன் 12 வந்தபோது கெர்னல் 6.1. பேக்போர்ட்ஸ் மூலம் 6.12 வரை கிடைத்தது. புது கெர்னல் சரியாக வேலை செய்யவில்லை என்றாலும் பயப்பட வேண்டியதில்லை. கணினி தொடங்கும்போது வரும் 'கிரப்' மெனுவில், 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் பழைய கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம்.

உபுண்டு எல்டிஎஸ்ஸில் இதே வேலையை 'ஹெச்டபிள்யூஈ' என்ற கெர்னல் தொகுப்பு செய்கிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. பேக்போர்ட்ஸ் பேக்கேஜ்களை டெபியனின் பாதுகாப்புக் குழு நேரடியாகக் கவனிப்பதில்லை. அதைக் கட்டித் தரும் தன்னார்வலர்தான் திருத்தங்களையும் தர வேண்டும். எனவே தேவையான ஒன்றிரண்டை மட்டும் எடுப்பதே நல்லது. எல்லா மென்பொருளும் பேக்போர்ட்ஸில் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

வழி 2: உருவாக்கியவர்களின் சொந்தக் களஞ்சியம்

சில நிறுவனங்கள் டெபியன், உபுண்டுவுக்கென்று தாங்களே களஞ்சியம் நடத்துகின்றன. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லா, தன் வழக்கமான வெர்ஷனை இப்படி 2024 ஜனவரி முதல் தருகிறது. கூகுள் குரோம், விஎஸ் கோட், டாக்கர் போன்றவற்றுக்கும் இது உண்டு.

இதில் உள்ள வசதி, வழக்கமான அப்டேட்டோடு சேர்ந்தே இவையும் புதுசாகிக்கொண்டிருக்கும் என்பது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பேக்கேஜ் நிறுவப்படும்போது, அதன் ஸ்கிரிப்ட்கள் 'ரூட்' என்ற முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. களஞ்சியத்தைச் சேர்ப்பது என்பது, அதை நடத்துபவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோலத்தான். அப்படிக் கொடுக்கலாம் என்ற அளவுக்கு நம்பிக்கை உள்ளவர்களுடையதை மட்டுமே சேர்க்க வேண்டும்.

உபுண்டுவில் பிரபலமான 'பிபிஏ'வுக்கும் இது பொருந்தும். லாஞ்ச்பேட் தளத்தில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் பிபிஏ தொடங்க முடியும். மென்பொருளை உருவாக்கிய குழுவே நடத்துகிறதா, யாரோ ஒரு தனிநபர் நடத்துகிறாரா என்று பார்ப்பது அவசியம். பிபிஏ உபுண்டுவுக்காகக் கட்டப்பட்டது. அதை டெபியனில் சேர்க்கக்கூடாது.

வழி 3: ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ்

டெஸ்க்டாப்பில் பயன்படுத்தும் செயலிகளுக்கு இன்று பலரும் கைகாட்டுவது ஃபிளாட்பேக்கைத்தான். இதில் செயலி தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தனியாகவே கொண்டு வருகிறது. பொதுக் குழாயை நம்பாமல் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிற வீடு மாதிரி. கணினியின் அடித்தளம் பழசாகவே இருக்கும், செயலி மட்டும் புதுசாக இருக்கும்.

முன்பு பார்த்த கிம்ப் 3.0 விஷயத்திலும், டெபியன் 12 வைத்திருந்தவர்கள் 13-க்காகக் காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. 'ஃபிளாட்ஹப்' தளத்திலிருந்து ஃபிளாட்பேக்காக நிறுவிக்கொள்ள முடிந்தது. பழைய 2.10-ம் பக்கத்திலேயே இருக்கும், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

லினக்ஸ் மின்ட்டில் ஃபிளாட்பேக் ஏற்கெனவே இருக்கும். டெபியனில் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். உபுண்டுவில் அதே மாதிரியான 'ஸ்னாப்' முன்கூட்டியே இருக்கிறது. 'ஆப்இமேஜ்' என்பது ஒரே ஒரு கோப்பு. பதிவிறக்கி, இயக்க அனுமதி கொடுத்தால் ஓடும். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். ஆனால் பெரும்பாலும் தானாக அப்டேட் ஆகாது.

இதில் என்ன சிக்கல்? முதலாவது, இடம். ஃபிளாட்பேக்கில் முதல் செயலியை நிறுவும்போதே அதற்கு அடிப்படையான 'ரன்டைம்' தொகுப்பும் சேர்ந்து இறங்கும். இது பல நூறு எம்பி வரை போகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பதிவிறக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்தடுத்த செயலிகள் அதே ரன்டைமைப் பகிர்ந்துகொண்டால் அளவு குறையும்.

இரண்டாவது, நம்பிக்கை. 2018 மே மாதத்தில், ஸ்னாப் கடையில் இருந்த '2048பன்டு' என்ற விளையாட்டு, பயனருக்குத் தெரியாமல் அவர் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது தெரியவந்து நீக்கப்பட்டது. கடையில் இருக்கிறது என்பதாலேயே பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. ஃபிளாட்ஹப்பில் உருவாக்கியவர்களே வெளியிடும் செயலிகளுக்கு 'வெரிஃபைடு' அடையாளம் இருக்கும். அதைப் பார்த்து நிறுவுவது நல்லது.

வழி 4: பைத்தான் எழுதுபவர்களுக்கு

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. டெபியன் 12-ல் பைத்தான் 3.11 இருக்கிறது. 'பிப்' மூலம் ஏதாவது நிறுவப் போனால், "இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்" என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிடும்.

காரணம், கணினியின் சொந்தக் கருவிகள் சிலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன. அதில் கை வைத்தால் அவை படுத்துவிடலாம். உபுண்டுவில் இயல்பான பைத்தானை மாற்றிவிட்டு, அதன் பிறகு டெர்மினலே திறக்கவில்லை என்று தவித்தவர்கள் பலர். சரிசெய்யவும் டெர்மினல்தான் வேண்டும் என்பதுதான் கொடுமை.

இந்தத் தடையை மீறவும் ஒரு வழி இருக்கிறது. இணையத்தில் பலர் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்பது அந்த ஆப்ஷனின் பெயர். 'கணினியின் பேக்கேஜ்களை உடை' என்று அர்த்தம். பெயரைப் படித்தாலே பயன்படுத்தத் தோன்றாது.

சரியான வழி, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் 'வென்வ்' மூலம் தனிச் சூழல் உருவாக்குவது. ஒரு கருவியை மட்டும் நிறுவ 'பிப்எக்ஸ்' போதும். இன்னும் பெரிய அளவில், முழுப் புது லினக்ஸே வேண்டும் என்றால் 'டிஸ்ட்ரோபாக்ஸ்' மூலம் ஒரு கன்டெய்னருக்குள் அதை ஓட்டலாம். கெட்டுப்போனால் கன்டெய்னரை அழித்தால் போதும்.

செய்யவே கூடாதது எது?

டெபியன் தன் பயனர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கைப் பக்கமே வைத்திருக்கிறது. அதில் வரும் பெயர் 'ஃபிராங்கன்டெபியன்'. பல உடல்களின் பாகங்களைத் தைத்து உருவாக்கிய ஃபிராங்கன்ஸ்டைன் கதை உருவம் மாதிரி, பல பதிப்புகளைக் கலந்து தைத்த டெபியன் என்று அர்த்தம்.

- டெஸ்டிங், அன்ஸ்டேபிள் களஞ்சியத்தை ஸ்டேபிளில் சேர்ப்பது: ஒரே ஒரு பேக்கேஜ்தானே என்று தோன்றும். அது புது 'ஜிலிப்சி' லைப்ரரியைக் கேட்கும். கணினியில் ஏறத்தாழ எல்லாமே நம்பியிருக்கும் லைப்ரரி அது. பொதுக் குழாய் மாறிவிடும்.
- வேறு லினக்ஸுக்கான களஞ்சியத்தைச் சேர்ப்பது: உபுண்டுவுக்கானது உபுண்டுவுக்கு, டெபியனுக்கானது டெபியனுக்கு. வெர்ஷனும் பொருந்த வேண்டும்.
- இணையத்திலிருந்து வரும் ஸ்கிரிப்டைப் படிக்காமல் 'சுடோ'வோடு ஓட்டுவது: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் முழு அதிகாரத்தையும் கொடுப்பது அது.
- எச்சரிக்கையைப் படிக்காமல் 'எஸ்' கொடுப்பது.

கடைசி விஷயத்துக்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு. பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் 2021 நவம்பரில் வெளியான வீடியோவில், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'பாப் ஓஎஸ்' லினக்ஸில் 'ஸ்டீம்' கேம் தளத்தை நிறுவ முயன்றார். அப்போது பேக்கேஜ்களுக்கு இடையே இருந்த குளறுபடியால், ஸ்டீமை நிறுவ வேண்டும் என்றால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது.

அத்தியாவசியமான பேக்கேஜ்கள் நீக்கப்படும் என்று எச்சரிக்கை வந்தது. தொடர வேண்டும் என்றால் "ஆம், நான் சொல்வதைச் செய்" என்ற பொருள் கொண்ட வாக்கியத்தை முழுசாகத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் செய்தார். டெஸ்க்டாப் போய்விட்டது.

தவறு பேக்கேஜில்தான் இருந்தது, உண்மை. ஆனாலும் எதை நிறுவும்போதும், 'நீக்கப்படுபவை' என்று வரும் பட்டியலை 10 விநாடி நின்று படித்தால் இதைத் தவிர்க்கலாம். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் 'நோ' கொடுத்துவிட்டு வேறு வழி பார்ப்பதே சரி.

ஏற்கெனவே கலந்துவிட்டால்?

சேர்த்த களஞ்சியத்தை நீக்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. ஏற்கெனவே வந்திறங்கிய புதிய பேக்கேஜ்கள் அப்படியேதான் இருக்கும். அவற்றை மொத்தமாகப் பழைய வெர்ஷனுக்கு இறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை.

ஒன்றிரண்டு பேக்கேஜ் என்றால் நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கலாம். அடித்தளமே மாறியிருந்தால், தேவையான கோப்புகளை பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் பெரும்பாலும் சுருக்கமான வழி. இந்த நிலைமை வராமல் இருக்க, எந்த மாற்றத்துக்கும் முன்பு 'டைம்ஷிஃப்ட்' போன்ற கருவியால் கணினியின் அப்போதைய நிலையைச் சேமித்து வைக்கலாம். டைம்ஷிஃப்ட் முக்கியமாக இயங்குதளத்தைக் காப்பாற்றத்தான். சொந்தப் படங்கள், ஆவணங்களுக்குத் தனி பேக்கப் வேண்டும்.

இயங்குதளத்தையே மேம்படுத்தலாமா?

ஒன்றிரண்டு இல்லை, பல மென்பொருள்கள் புதுசாக வேண்டும் என்றால், இதுவே நேர்வழி. டெபியன் 12-ல் இருப்பவர்கள் 13-க்குப் போகலாம். கெர்னல் 6.12, பைத்தான் 3.13, கிம்ப் 3.0 என எல்லாமே ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வகையில் சேர்ந்தே வரும்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்க முடியாது. டெபியன் 11-ல் இருப்பவர்கள் முதலில் 12-க்குப் போய், பிறகுதான் 13-க்குப் போக வேண்டும். இரண்டாவது, பழைய 32-பிட் கணினிகளில் டெபியன் 13-ஐ நிறுவ முடியாது. அப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள் டெபியன் 12-லேயே தொடரலாம். அதற்கான முழு ஆதரவு 2026 ஜூன் வரை, எல்டிஎஸ் ஆதரவு 2028 ஜூன் வரை.

மேம்படுத்தும் முன் வெளிக் களஞ்சியங்களை நிறுத்தி வைப்பதும், பேக்கப் எடுப்பதும் கட்டாயம்.

எந்தத் தேவைக்கு எந்த வழி?

- பாதுகாப்பு பற்றிய பயம் மட்டும்தான்: வழக்கமான அப்டேட் போதும். சந்தேகம் இருந்தால் செக்யூரிட்டி டிராக்கரைப் பார்க்கலாம்.
- புது லேப்டாப்பின் வைஃபை, கிராஃபிக்ஸ்: டெபியனில் பேக்போர்ட்ஸ் கெர்னல், உபுண்டுவில் ஹெச்டபிள்யூஈ.
- புது ஃபயர்ஃபாக்ஸ்: மொஸில்லாவின் சொந்தக் களஞ்சியம் அல்லது ஃபிளாட்பேக்.
- கிம்ப், லிப்ரே ஆபிஸ், வீடியோ எடிட்டர் போன்ற டெஸ்க்டாப் செயலிகள்: முதலில் பேக்போர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஃபிளாட்பேக்.
- பைத்தான் புராஜெக்ட்: வென்வ்.
- ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்க்க மட்டும்: ஆப்இமேஜ் அல்லது கன்டெய்னர்.
- எல்லாமே புதுசாக வேண்டும்: அடுத்த ஸ்டேபிள் பதிப்புக்கு மேம்படுத்தல்.

எந்த வழியை எடுத்தாலும், எந்தச் செயலி எங்கிருந்து வந்தது, என்றைக்கு நிறுவியது என்று ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு ஆண்டுகள் கழித்து அடுத்த பதிப்புக்கு மாறும்போது, எதை நிறுத்தி வைக்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்று அந்தக் கோப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.